நோட்டைத் திருப்பிக் காட்டிய அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

பெயர் போட்டு எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். "நம்ம பக்கத்துல எத்தன பேரு இந்த வேல பாக்குறோம், ஒரு பேர மட்டும் எதுக்குப் போடுற?" என்றீர்கள். சரி, பெயர் இல்லாமலே எழுதுகிறேன். ஆனால் மடித்து உங்கள் கையில் கொடுத்துவிட்டு வரும் கடிதமாக எழுத மனம் வரவில்லை. கிள்ளையிலும் முடசல் ஓடையிலும் பரங்கிப்பேட்டையிலும் அப்பாவைப் போல ஒருவர் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் வீடுகள் இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகள் கண்ணில் பட வேண்டும் என்றுதான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

2023 ஆடியில் நான் சிதம்பரத்திலிருந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். நீங்கள் வழக்கம்போல மாத்திரைப் பையும் பிரஷர் பார்க்கிற மிஷினுமாக வந்தீர்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரிப் பக்கம் தொடங்கி நம் ஊருக்கும் வந்த பிறகு, அப்பாவுக்கு சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வாசலுக்கே வந்துகொண்டிருந்தன. உங்களுக்குக் கொடுத்திருந்த வேலை பிரஷர் பார்ப்பது, சர்க்கரை பார்ப்பது, மாத்திரை கொடுப்பது. அப்பாவின் கையைக் கவனியுங்கள் என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லை.

பட்டையைச் சுற்ற அப்பாவின் வலது கையை நீட்டினீர்கள். கை நேரே வரவில்லை. பல்சக்கரம் கடித்துக் கடித்து நகர்வது போல விட்டு விட்டு வந்தது. "பெரிப்பா, கைய லேசா விடுங்க" என்றீர்கள். "விட்டுத்தாம்மா இருக்கேன்" என்றார். நீங்கள் பட்டையைக் கீழே வைத்துவிட்டு முழங்கையை மறுபடி மெதுவாக மடக்கிப் பார்த்தீர்கள், நீட்டிப் பார்த்தீர்கள். பிறகு இடது கையையும் அப்படியே செய்தீர்கள். அது லேசாக வந்தது. அந்த இரண்டாவது கையை நீங்கள் தொட்டுப் பார்த்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஒரு கையோடு விட்டிருந்தால் வயசுக்கு இறுகிப்போச்சு என்று நீங்களும் போயிருக்கலாம்.

அப்பாவின் வலது கை மடியில் கிடந்தது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று உரசி உருட்டிக்கொண்டிருந்தன, விளக்குக்குத் திரி திரிப்பது போல. டீ கிளாஸை எடுக்கப் போனதும் நின்றுவிட்டது. அம்மாவுக்கு அதுதான் ஆறுதல். "பாரு, கிளாஸப் புடிக்கும்போது ஆடல. சும்மா இருக்கும்போதுதான் ஆடுது. ஒண்ணுமில்ல" என்றாள். நீங்கள் அதற்குத் தலையாட்டவில்லை. உங்கள் நோட்டை எடுத்தீர்கள்.

மாத்திரை வாங்கினவர்களிடம் மாதாமாதம் ஒரு கையெழுத்து வாங்கி வைத்திருந்தீர்கள். நோட்டில் அப்பாவின் கையெழுத்தைப் பின்னாலிருந்து முன்னாலாகத் திருப்பி எனக்குக் காட்டினீர்கள். 2021 கடைசியில் போட்டது இரண்டு கோட்டுக்கும் நடுவில் முட்டிக்கொண்டு நிறைந்திருந்தது. அப்பா ஐந்தாவதோடு நின்றவர். தன் பெயரை உருண்டை உருண்டையாக, கொக்கியெல்லாம் முழுசாக வளைத்து எழுதுவார். 2022 தீபாவளிக்குப் பிறகு எழுத்து அரைக் கோட்டுக்குத்தான் வந்தது. கடைசியாகப் போட்டதில் முதல் எழுத்து மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அடுத்தது அதைவிடச் சின்னது, அதற்கடுத்தது இன்னும் சின்னது. கடைசி எழுத்து இருந்த இடத்தில் ஒரு புள்ளிதான் இருந்தது.

"எனக்கு இதுக்குப் பேரு தெரியாதும்மா" என்றீர்கள். "ஆனா இது வயசு மட்டும் இல்ல. தோளு வலியும் இல்ல. நரம்பு டாக்டர்கிட்ட காட்டணும். தள்ளிப் போடாத."

அக்கா, அந்த வார்த்தைகளுக்காகத்தான் இந்தக் கடிதம். தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னீர்கள். எங்களைப் பயமுறுத்தவில்லை. பொய்யாகத் தைரியமும் சொல்லவில்லை. எந்த டாக்டரிடம் போக வேண்டும் என்பதை மட்டும் கறாராகச் சொன்னீர்கள்.

நாங்கள் ஏன் பார்க்கவில்லை என்று அதற்குப் பிறகு பல ராத்திரி யோசித்திருக்கிறேன். பார்க்காமல் இல்லை. ஒவ்வொன்றையும் பார்த்தோம், ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தோம்.

அப்பாவுக்கு வாசனை போய்விட்டது. எந்த வருஷம் என்று எங்களில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கருவாட்டைக் கையில் எடுத்து மோந்து பார்த்தே காய்ச்சல் சரியா, உப்பு சரியா என்று சொன்ன மனிதர். ஒரு நாள் புழு வைத்த கருவாட்டைக் குழம்புக்கு எடுத்துக் கொடுத்தார். அம்மா சண்டை போட்டாள். சளி பிடித்திருக்கும் என்று விட்டோம். பிறகு கொரோனாவால் இருக்கும் என்றோம்.

தூக்கத்தில் கத்துவார். காலை உதைப்பார். "இழு, இழு" என்று கையை வீசுவார். ஒரு ராத்திரி அந்தக் கை பட்டு அம்மாவின் உதடு கிழிந்துவிட்டது. அன்றிலிருந்து அம்மா பாயை நடையில் போட்டுக்கொண்டாள். 2004 டிசம்பர் 26 அன்று அலை வந்தபோது அப்பா திட்டுப் பக்கம் வலையோடு இருந்தவர். எங்கள் கரையில் அந்தக் காலையைப் பார்த்தவர்கள் பலர் இன்னும் ராத்திரியில் அலறிக்கொண்டு எழுவார்கள். அதனால் இதையும் அந்தக் கணக்கில் எழுதிவிட்டோம். கனவு காணும்போது உடம்பு அசையாதபடி மூளை ஒரு தாழ்ப்பாள் போட்டு வைக்கும், அந்தத் தாழ்ப்பாள் கழன்றால் கனவில் செய்வதைக் கையும் காலும் நிஜமாகவே செய்யத் தொடங்கும் என்று டாக்டர் பின்னால் விளக்கினார். வாசனை போவது, இந்தத் தூக்கச் சத்தம், தீராத மலச்சிக்கல் ஆகியவை கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்னாலேயே வரக்கூடும் என்றார். அப்பாவுக்கு மூன்றும் இருந்தன.

தோள்பட்டை வலிக்கு ஒன்றரை வருஷம் வைத்தியம் பார்த்தோம். தோள் இறுகிப்போயிருக்கிறது என்று சொன்னார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது வருவதும் உண்டு என்பதால் அந்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்பா நடக்கும்போது இடது கை வீசும், வலது கை மட்டும் இடுப்போடு ஒட்டிக்கொண்டே வரும். ரயிலடியிலிருந்து வீடு வரைக்கும் அவர் பின்னாலேயே எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன். வலிக்குது, அதனால் வீசவில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

வலை பின்னுவது நின்றது. கிழிந்த கண்ணிக்குள் ஊசியை விட்டு எடுத்து முடிச்சுப் போடுவதில் அப்பாவின் விரல் ஓடுகிற வேகத்தைச் சின்ன வயதில் நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். ஒரு காலைக்குள் முடிக்கிற வலையை மூன்று நாள் வைத்திருந்தார். கண் தெரியவில்லை என்று நினைத்துக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதே வலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

எல்லாவற்றையும்விட என்னைச் சுடுவது என் மகளின் மஞ்சள் நீராட்டு விழா. அப்பா பந்தலில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார், சிரிக்கவில்லை. எந்தப் போட்டோவிலும் சிரிக்கவில்லை. கண்ணைக்கூட அதிகம் இமைக்கவில்லை. சீர் வரிசையில் ஏதோ குறை என்று கோபமாக இருக்கிறார் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். நானும் நம்பினேன். மூன்று மாதம் அப்பாவோடு சரியாகப் பேசவில்லை. குரலும் அப்போது இறங்கிப் போயிருந்தது. போனில் பேசினால் பாதி கேட்காது. என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். நீங்கள்தான் அக்கா, "பெரிப்பாவுக்குக் கோவமெல்லாம் இல்ல. மனசுல சிரிக்கிறாரு, மூஞ்சிக்குத்தான் வரமாட்டேங்குது" என்றீர்கள். அன்று ராத்திரி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த போட்டோக்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். எல்லோர் பெயரையும் சொன்னார். அவ்வளவு மெதுவாகச் சொன்னார். அவ்வளவு ஆசையாகச் சொன்னார்.

டாக்டரிடம் போவதற்கு முன்னால் நீங்கள் மூன்று காரியம் செய்யச் சொன்னீர்கள். எது எப்போது தொடங்கியது என்று அரைத் தாளில் எழுதிக்கொள்வது. வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும், மருந்துக்கடையில் நாமாக வாங்கினதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக்கொள்வது. அப்பா நடப்பதையும் ராத்திரி தூங்குவதையும் போனில் படம் எடுத்துக்கொள்வது. மூன்றும் எவ்வளவு உதவின என்று உங்களிடம் நான் முழுசாகச் சொன்னதில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் அப்பாவைப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். நம் பக்கத்தில் நரம்பு டாக்டரைத் தேடுகிறவர்கள் அண்ணாமலை நகர் போவார்கள். 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, இப்போது அரசு மருத்துவக் கல்லூரியாக இருக்கிற இடம். இல்லையென்றால் பஸ் ஏறிப் பாண்டிச்சேரி ஜிப்மர் போவார்கள். நாங்கள் பாண்டிச்சேரிப் பக்கம் போனோம். பெரிய மிஷினுக்குள் படுக்க வைத்துக் கண்டுபிடிப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். டாக்டர் செய்ததோ வேறு. அப்பா கதவைத் திறந்து உள்ளே வருவதைத்தான் முதலில் பார்த்தார். பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார். முதல் நாலு தட்டு பெரிதாக இருந்தது, பிறகு விரல்கள் நெருங்கி நெருங்கி நின்றே போயின. கையை மூடித் திறக்கச் சொன்னார். தாழ்வாரத்தில் நடந்து போய்த் திரும்பி வரச் சொல்லி, திரும்புவதற்கு எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணினார். பின்னால் நின்று தோளைப் பிடித்து இழுத்து, அப்பா தடுமாறாமல் நிற்கிறாரா என்று பார்த்தார். ஒரு வரி எழுதச் சொன்னார். நத்தைக் கூடு மாதிரி ஒரு சுழி போடச் சொன்னார்.

பிறகு மாத்திரைப் பையைக் கொட்டி ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தார். தலைசுற்றலுக்கு என்று மருந்துக்கடையில் வாங்கி அப்பா மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்த மாத்திரை ஒன்றை எடுத்துத் தனியே வைத்தார். தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் கொடுக்கிற சில மாத்திரைகள், மனநோய்க்குக் கொடுக்கிற சில மாத்திரைகள் இவையே இதே நடுக்கத்தையும் இறுக்கத்தையும் கொண்டுவரும் என்றார். அப்படி வந்ததென்றால் அந்த மாத்திரையை விட்ட பிறகு பலருக்குக் குறைந்துவிடும். எங்களுக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. அவர் சொன்னபடி அதை மட்டும் நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். தலைசுற்றல் திரும்ப வரவில்லை. நடுக்கம் போகவும் இல்லை. அதன் பிறகுதான் பார்க்கின்சன் என்ற பெயரைச் சொன்னார். ஸ்கேன் எடுத்தது வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான். பிரஷர் பார்ப்பது போல, சர்க்கரை பார்ப்பது போல, அளந்து எண்ணைச் சொல்லிவிடுகிற வழக்கமான சோதனை இதற்கு இன்னும் கிடையாது. பழகின கண்ணும் கையும்தான் முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது.

அதனால்தான் இதைப் பற்றி முதலில் எழுதியவரின் கதையைப் படித்தபோது எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டனில் வைத்தியம் பார்த்தவர். 1817இல் நடுக்குவாதம் பற்றி ஒரு சின்ன நூல் எழுதினார். மொத்தம் ஆறு பேரைப் பற்றியது. அந்த ஆறில் மூன்று பேர் அவர் தெருவில் பார்த்தவர்கள். அதிலும் ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. நடப்பதையும் கை ஆடுவதையும் உற்றுப் பார்த்தே அவர் எழுதியது இருநூறு வருஷமாக நிற்கிறது. அவர் பிறந்த ஏப்ரல் 11தான் உலகம் முழுக்க பார்க்கின்சன் நாள்.

இன்னொன்றையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பேர் தெரிந்ததும் அத்தை ஒருத்தி பூனைக்காலி விதையை இடித்துப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தாள். டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. மூளையில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கிற செல்கள் அழிந்துபோவதால் வருகிற நோய் இது. டோபமினை நேரே கொடுத்தால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. மாத்திரையில் இருக்கிற லெவோடோபா போகும், உள்ளே போய் டோபமினாக மாறும். அந்த லெவோடோபாவைப் பூனைக்காலி விதையிலிருந்து 1937இல் பிரித்தெடுத்தவர்கள் தாமோதரன், ராமசாமி என்ற இருவர். சென்னை சேப்பாக்கத்தில், பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் செய்த வேலை அது. வியன்னாவில் நோயாளிகளுக்கு அதை முதன்முதலில் ஊசியில் ஏற்றிப் பார்த்தது 1961இல்தான். வாய்வழியாக முறையாகக் கொடுக்கும் வழி 1967 வாக்கில் அமெரிக்காவில் பிடிபட்டது. ஆக அத்தையின் பொட்டலத்தில் விஷயம் இல்லாமல் இல்லை. ஆனால் எந்த விதையில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மாத்திரையோடு இதுவும் சேர்ந்தால் அளவு மீறிவிடும், வேண்டாம் என்றார். அத்தைக்கு இந்தக் கதையைச் சொன்னேன். தன் வைத்தியம் சேப்பாக்கம் வரை போயிருக்கிறது என்று அவளுக்கு ஒரே பெருமை. பொட்டலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

இப்போது ஒரு நாளைக்கு மூன்று வேளை மாத்திரை. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். மீனும் மாத்திரையும் ஒன்றாக வயிற்றுக்குள் போனால் இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும், மாத்திரை வெளியே நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னது அம்மாவுக்கு நன்றாகப் பதிந்துவிட்டது. மூன்று வேளையும் மீன் சாப்பிடுகிற வீடு எங்களுடையது. மீனை நிறுத்தவில்லை, நேரத்தை மாற்றிக்கொண்டோம். போனில் அலாரம் வைத்திருக்கிறாள். அலாரம் அடித்து அரை மணி ஆகாமல் குழம்புச் சட்டியைத் திறக்க விடமாட்டாள். நாமாக மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது, அது ஆபத்து என்பதையும் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாள்.

இந்த மாத்திரை நோயைத் தீர்க்காது. அது எங்களுக்குத் தெரியும். வருஷம் போகப் போக அளவு மாறும், சிரமம் கூடும் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஆனால் மருந்து தொடங்கிச் சில வாரத்தில் அப்பாவின் வலது கை நடக்கும்போது லேசாக வீசியது. அதைப் பார்த்து அம்மா வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

சில நாள் நடையிலிருந்து கூடத்துக்கு வரும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுகிறார். வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிற தம்பி, தரையில் கோடு போட்டு வைத்தால் அதைத் தாண்டுகிற மாதிரி காலைத் தூக்கி வைக்க வரும் என்றார். அம்மா மறுநாள் காலை வாசலில் கோலம் போட்ட கையோடு நடையிலும் ஒரு அடிக்கு ஒரு கோடாகக் குறுக்கே இழுத்துவிட்டாள். அப்பா நின்றார், கோட்டைப் பார்த்தார், தாண்டினார். அடுத்த கோட்டையும் தாண்டினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு நடையில் தினமும் அந்த வெள்ளைக் கோடுகள் உண்டு. சாயங்காலம் முழுக்குத்துறைப் பக்கம் நடக்கிறார். தாளத்துக்கு நடந்தால் அடி பெரிதாக விழும் என்று சொன்னதால், துடுப்புப் போடும்போது பாடுகிற அம்பாவை முணுமுணுத்துக்கொண்டே நடக்கிறார். அந்தப் பாட்டு அவர் வாயில் பத்து வருஷமாக வரவில்லை.

இந்த விஷயம் தெருவில் பரவியதும் எதிர்வீட்டு மாமா பயந்துபோனார். அவருக்கும் கை ஆடும். கிளாஸைத் தூக்கினால் டீ சட்டையில் சிந்தும். அவரையும் டாக்டரிடம் அனுப்பினீர்கள். அவருடையது வேறு வகை நடுக்கம். வேலை செய்யும்போது ஆடுவது, சும்மா இருக்கும்போது நிற்பது. அப்பாவுக்கு இருந்ததற்கு நேர் எதிர். கை நடுங்குகிற எல்லோருக்கும் பார்க்கின்சன் என்று இல்லை. பார்க்கின்சன் வந்த எல்லோருக்கும் கை நடுங்கும் என்றும் இல்லை. சிலருக்கு வேகம் குறைந்துபோவதும் இறுக்கமும்தான் இருக்கும். இதைப் படித்துவிட்டு யாரும் தன் வீட்டுப் பெரியவருக்குத் தானே பெயர் வைத்துவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்து சிறுத்தால், ஒரு கை மட்டும் வீசாமல் போனால், முகம் சிரிப்பை மறந்தால், சட்டைப் பித்தானைப் போட முன்னைவிட நேரம் எடுத்தால், அதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு நரம்பு டாக்டரிடம் போங்கள். அக்கா எங்களுக்குச் சொன்னது இவ்வளவுதான்.

மாசி மகம் வருகிறது. ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி தீர்த்தவாரிக்கு நம் ஊருக்கு வரும். இந்த வருஷம் கரை வரைக்கும் நடந்தே வருவேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். மகத்தன்று வீட்டில் கவுச்சி கிடையாது. அதனால் மறுநாள் நீங்கள் சாப்பிட வர வேண்டும். உங்களுக்கு இறால் பிடிக்கும் என்று அப்பா எப்படியோ தெரிந்து வைத்திருக்கிறார். நோட்டையும் எடுத்து வாருங்கள், அந்த மாதக் கையெழுத்து பாக்கி இருக்கிறது. அப்பாவின் மாத்திரை பன்னிரண்டரைக்கு. ஒரு மணிக்கு முன்னால் அம்மா சட்டியைத் திறக்க மாட்டாள். பன்னிரண்டுக்கே வந்துவிட்டால் கொஞ்ச நேரம் அவரோடு பேசிக்கொண்டிருக்கலாம்.

என்றும் அன்புடன்,
உங்கள் பெரிப்பாவின் மகள்